சும்மா வேலை பார்க்கிறவள்

2006 ஜனவரி 30, திங்கள்

வருமானவரிக் கணக்கு எழுதித் தருகிற வரிக்கடை வாசலில் ஒரு வயசான மனுஷனுக்குப் பச்சை அங்கியும் கிரீடமும் மாட்டி, சுதந்திர தேவி என்று சொல்லி ரோட்டைப் பார்த்துக் கையாட்ட விட்டிருக்கிறார்கள். குளிரில் அவருக்கு மூக்கு ஒழுகுகிறது. சுதந்திரத்துக்கே இந்தக் கதி.

உள்ளே எங்கள் மீன் ஆலையில் பாதிப் பேர். எல்லோரும் ரப்பர் பூட்ஸோடு. கடைக்காரன் ராண்டி அறை முழுக்க வாசனை மருந்தை அடித்துவிட்டுச் சிரித்தான். எங்கள் மீன் நாற்றம் பிடிக்காது. எங்களிடம் வாங்குகிற கூலி மட்டும் மணக்கும்.

கையில் பிள்ளையும் இருந்து, கையில் வேலையும் இருந்து, சம்பளம் பிச்சைக்காசாகவும் இருந்தால் அரசாங்கம் பிப்ரவரியில் மொத்தமாக ஒரு தொகை தரும். வேலை இல்லையா, கிடையாது. சம்பளம் கொஞ்சம் ஏறியதா, தேய ஆரம்பித்துவிடும். அதாவது நாங்கள் உழைக்கவும் வேண்டும், உருப்படவும் கூடாது. எங்கள் ஊரில் இதை 'வரிப்பணம்' என்பார்கள். அதை நம்பித்தான் கட்டில் வாங்குவது, பல் பிடுங்குவது, கல்யாணம் எல்லாம்.

கல்யாணம் என்றதும் ஞாபகம் வருகிறது. ஜனவரிக் கடைசியில் இந்த ஊர் ஆண்களுக்குத் திடீரென்று காதல் பொங்கும். போன வருஷம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்க்காத ஒருத்தன் இன்றைக்குக் காரை நிறுத்தி, "ஒனீடா, நீ இளைச்சுட்டியே" என்கிறான். நான் இளைக்கவில்லை. உன் வண்டி டயர்தான் இளைத்துவிட்டது.

இப்போது என்னோடு பழகுகிற லாவெல் அப்படி இல்லை. இதுவரைக்கும் ஒரு காசு கேட்கவில்லை. கேட்காததாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

2006 பிப்ரவரி 17, வெள்ளி

பணம் வந்தது. கரண்ட் பாக்கி, இரண்டு டயர், மகள் டேவியாவுக்குக் கண்ணாடி, சின்னவன் டோரியனுக்குக் குளிர்க்கோட்டு. போயும் விட்டது. ஒரு நாள் ராணி.

2006 ஏப்ரல் 22, சனி

கல்யாணம் ஆகிவிட்டது. லாவெல் சட்டைக் கழுத்து இறுகி, தூக்கில் போடப் போகிறவன் மாதிரி நின்றான். ஆனால் என் கையைப் பிடித்தவன் பாதிரியார் சொல்லியும் விடவில்லை. அது நடிப்பில்லை. எனக்குத் தெரியும்.

அவன் அம்மா மிஸ் எர்லீன் தொப்பியில் ஒரு தோட்டத்தையே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். என் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, "எலுமிச்சம்பழம் தேய்ச்சும் போகலை போலிருக்கே" என்றாள். இத்தனை ஜனம் முன்னால். அவளுடைய மகன் பல்லிடுக்கில் மாட்டிய கெளுத்தி மீன் எந்தக் கையால் அறுத்தது என்று கேட்கலாமா என்று பார்த்தேன். கல்யாண நாளாயிற்றே. சிரித்து வைத்தேன்.

2006 அக்டோபர் 12, வியாழன்

மேலாளர் மிஸ்டர் ப்ராதர் கூப்பிட்டார். மீன் அறுக்கிற வரிசையின் மேஸ்திரி பியூலா ஓய்வு பெறப் போகிறாளாம். அடுத்த வருஷம் வரிசைக்கு மேஸ்திரியாக என்னைப் போடலாம் என்று இருக்கிறாராம். கத்தி கிடையாது, ஐஸ் தண்ணீரில் நிற்க வேண்டாம், மணிக்கூலியும் கொஞ்சம் கூடும். "நீ பேசினா பொம்பளைங்க கேக்கறாங்க" என்றார். கேட்காமல் என்ன செய்வார்கள், அவர் பேசினால் யாருக்குப் புரிகிறது?

லாவெலிடம் சொன்னேன். "நல்லது" என்றான். அவ்வளவுதான். அந்த 'நல்லது'வை எடை போட்டால் ஒரு பட்டாணி தேறாது.

2007 ஜனவரி 29, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

வரிக்கடைக்கு முதல் தடவையாக இருவரும் சேர்ந்து போனோம். லாவெல் கதவுத் தொழிற்சாலையில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டுகிறான், என்னைவிடக் கூடுதல் சம்பளம். ராண்டி இருவர் சம்பளத்தையும் கூட்டி மெஷினில் தட்டினான். உதட்டைப் பிதுக்கினான். போன வருஷம் எனக்கு வந்ததில் ஒரு துணுக்குத்தான் இந்த வருஷம் என்றான்.

நான் கேட்டேன், நாங்கள் என்ன பணக்காரர்களாகிவிட்டோமா? அதே வாடகை வீடு, அதே ஓட்டைக் கார், அதே பிள்ளைகள். சர்ச்சில் போய் நின்று 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இவ்வளவு அபராதமா?

ராண்டி நாற்காலியைச் சாய்த்துக்கொண்டு, "மிஸ் ஒனீடா, நீங்க வேலைக்கே போகாம இருந்திருந்தா, சார் சம்பளத்துக்கு மட்டும் நல்ல தொகை வந்திருக்கும். அரசாங்கமே உங்களை வீட்டுல உக்காரச் சொல்லுது. உக்காருங்களேன்" என்றான்.

லாவெல் சிரித்தான். பெரிதாக ஒன்றும் இல்லை. மூக்கால் ஒரு சின்னச் சிரிப்பு. அதுதான் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

கல்யாணம் ஆகாதவரை 'போ, போ, வேலைக்குப் போ, போனால்தான் பணம்' என்று முதுகில் கை வைத்துத் தள்ளியதும் இதே சட்டம்தான். அதே கை இப்போது நெஞ்சில் வைத்துத் தள்ளுகிறது.

2007 பிப்ரவரி 4, ஞாயிறு

சர்ச் முடிந்து மிஸ் எர்லீன் வீட்டில் சாப்பாடு. கோழி வறுவல், கீரை, சோள ரொட்டி, கூடவே என்னையும் பரிமாறினார்கள்.

லாவெல் விரல் விட்டு எண்ணினான். பெட்ரோல், டோரியனைப் பார்த்துக்கொள்கிற மிஸ் ஃபேவுக்குக் கொடுப்பது, வெளியே வாங்கித் தின்பது, சம்பளத்தில் பிடிக்கிறது, வராமல் போகிற வரிப்பணம். "எல்லாத்தையும் கழிச்சுப் பாரு ஒனீடா. நீ சும்மா வேலை பாக்கற."

சும்மா. விடியும் முன் எழுந்து, பனிக்கட்டித் தண்ணீரில் நின்று, விரல் மரத்து, தோள் பட்டை தேய்ந்து... சும்மா.

நான் கேட்டேன். மிஸ் ஃபேவுக்குக் கொடுப்பதை ஏன் என் சம்பளத்தில் மட்டும் கழிக்கிறாய்? டோரியன் எனக்கு மட்டும் பிள்ளையா? சரி, ரத்தத்தில் உன் பிள்ளை இல்லைதான், ஆனால் 'என் பையன்' என்று ஊரெல்லாம் சொல்கிறாயே. பிறகு, உன் சம்பளம் தரையாம், என் சம்பளம் அதன் மேல் ஏறி உட்கார்ந்து கூரையை இடித்து வரிப்பணத்தைக் குறைக்கிறதாம். என்னுடையது தரையாக இருக்கக்கூடாதா? உன்னுடையதை மேலே வைத்துக் கழித்துப் பார்த்தால் நீ அல்லவா சும்மா வேலை பார்க்கிறவன்?

மிஸ் எர்லீன் ஊறுகாய்ப் பாட்டிலை மூடி, "ஆம்பளை சம்பளத்தை யாராவது மேல வச்சுக் கழிப்பாங்களா? என்ன பேச்சு இது" என்றாள்.

அதோடு கணக்கு முடிந்தது. கணக்காம் கணக்கு.

2007 பிப்ரவரி 20, செவ்வாய்

லாவெல் கெட்டவன் இல்லை. அதுதான் பெரிய தொல்லை. கெட்டவனாக இருந்தால் சட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போயிருப்பேன். இன்றைக்கு என் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, "நீ கஷ்டப்படறதைப் பாக்க முடியலை. ஒரு வருஷம் வீட்டுல இரு. வரிப்பணம் வந்ததும் உனக்கு ஒரு நல்ல கார்" என்றான்.

தோள் நிஜமாகவே வலித்தது. தைலம் சூடாக இருந்தது. டோரியன் மடியில் தூங்கிப்போயிருந்தான்.

2007 மார்ச் 9, வெள்ளி

விட்டுவிட்டேன். கத்தியையும் ஏப்ரனையும் கொடுத்தபோது மிஸ்டர் ப்ராதர் ஏன் என்று கேட்கவில்லை. 'கல்யாணமானவள்' என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார், இருமல் வந்திருக்கிறது என்கிற மாதிரி. மேஸ்திரி வேலை ஷாண்ட்ரலுக்காம். அவளுக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.

பியூலா காரை மறித்துக்கொண்டு நின்றாள். "உன் புருஷன் ஆயுசுக்கும் நல்லவனா இருக்கணும்னு வேண்டிக்கிறேன்" என்றாள். வாழ்த்தா சாபமா தெரியவில்லை.

2007 ஜூன் 13, புதன்

இன்றைக்கு அவனிடம் காசு கேட்டேன். கடையில் பெண்கள் சாமான் வாங்க. மாதாமாதம் வருகிற சமாச்சாரம்.

"போன வாரம்தானே குடுத்தேன்?" என்றான்.

பத்து வயதில் பருத்திக் காட்டில் களை பறித்துச் சம்பாதித்த நாளிலிருந்து நான் ஒருத்தரிடமும் இதற்குக் காசு கேட்டதில்லை. ஒருத்தரிடமும். கடைக்குப் போய்த் திரும்பும் வரைக்கும் காரில் முகத்தைத் திருப்பி ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவனுக்கு அது தெரியவும் இல்லை, ரேடியோ கேட்டுக்கொண்டு வந்தான்.

2007 செப்டம்பர் 5, புதன்

"பகல் பூரா என்னதான் பண்ற?" என்றான். இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். எந்த மாதம் வரும் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

2008 பிப்ரவரி 16, சனி

வரிப்பணம் வந்தது. அவன் கணக்கில். ராண்டி சொன்ன மாதிரியே கொழுத்த தொகை. நான் வீட்டில் உட்கார்ந்ததற்கு அரசாங்கம் கொடுத்த சன்மானம், லாவெல் பெயரில்.

கார் வரவில்லை. படகு வந்தது.

பச்சை நிறத்தில், மினுக்மினுக்கென்று, பின்னால் மோட்டார் வைத்த மீன்பிடிப் படகு. முற்றத்தில் என் துணிக்கொடி கட்டுகிற இடத்தில் நிற்கிறது. "சல்லிசா கிடைச்சது ஒனீடா, விட மனசு வரலை. கார் அடுத்த வருஷம்" என்றான். மிஸ் எர்லீன் வந்து, உழைக்கிற ஆம்பளைக்கு ஒரு பொழுதுபோக்கு வேண்டாமா என்று படகைத் தடவிக் கொடுத்தாள். என் தோளை யாரும் அப்படித் தடவவில்லை.

வருஷக்கணக்காக மீன் அறுத்தவளின் புருஷன், ஆயிரக்கணக்கில் செலவழித்து, ஒரு மீன் பிடிக்கப் போகிறான். இதை நான் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. டேவியா மட்டும் சிரித்தாள். பன்னிரண்டு வயதாகப் போகிறது, அவளுக்குப் புரிகிறது.

2008 ஜூன் 6, வெள்ளி

கதவுத் தொழிற்சாலையை மூடுகிறார்கள். எல்லோருக்கும் கடைசி நாள் இன்றைக்கே. புது வீடு கட்டுவாரில்லையாம், கதவு எதற்கு?

லாவெல் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் இறங்கவே இல்லை. நான் போய் ஜன்னலைத் தட்டினேன். என்னைப் பார்க்காமல், "ரெண்டு மாசத்துல வேற ஒண்ணு பாத்துருவேன்" என்றான். பாவமாக இருந்தது. இருந்ததை இல்லை என்று எழுதப் போவதில்லை.

2008 ஜூன் 11, புதன்

வேலையில்லாதவர்களுக்குத் தருகிற படி வாடகைக்கே சரியாகிவிடும். லாவெல் ஆறுதலாக, "பிப்ரவரியில வரிப்பணம் இருக்கில்ல" என்றான்.

எதற்கு வரும்? உழைத்துச் சம்பாதித்தால்தானே அந்தப் பணம். இனி யாரும் உழைக்கவில்லை என்றால் அதுவும் தேய்ந்து, அடுத்த வருஷம் சுத்தமாகக் கிடையாது. என்னை வீட்டில் உட்கார வைத்துச் செய்த அந்த அழகான கணக்கில் ஒரு ஆள் கால் தடுக்கினால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் ஒரு வரி போட்டுப் பார்க்கவில்லை. ராண்டியின் மெஷினில் அதற்குப் பொத்தான் இல்லை போலிருக்கிறது.

2008 ஜூலை 7, திங்கள்

திரும்பவும் ஆலை. மிஸ்டர் ப்ராதர் என்னை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுச் சாப்பாடு முடித்து, பல் குத்தி, பிறகு கூப்பிட்டார். புதிதாக வருகிறவளுக்கு என்ன கூலியோ அதுதான் எனக்கும். அத்தனை வருஷ அனுபவமும் ஐஸ் தண்ணீரில் கரைந்துவிட்டது.

ஷாண்ட்ரல் மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் தர்மசங்கடப்பட்டு, "அக்கா, நீங்க எந்த இடத்துல நிக்கிறீங்க?" என்று கேட்டாள். நீ சொல்கிற இடத்தில் நிற்கிறேன் என்றேன். கதவோரம் நிற்க வைத்தாள், அங்கே குளிர் கொஞ்சம் குறைவு. நன்றி சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன்.

கை மறக்கவில்லை. மதியத்துக்குள் பழைய வேகம் வந்துவிட்டது. விரல் எரிகிறது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: சந்தோஷமாக இருக்கிறது.

2008 ஜூலை 25, வெள்ளி

லாவெல் வீட்டைப் பார்த்துக்கொள்கிறான். அதாவது, வீடு அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. டேவியாவின் வெள்ளைச் சட்டை ரோஜா நிறமாகிவிட்டது. பீன்ஸ் சட்டியின் அடி நிரந்தரமாகக் கறுத்துவிட்டது. முடிவெட்டும் கடையில் அவனை 'மிஸ் லாவெல்' என்று கூப்பிடுகிறார்களாம். மூன்று வாரமாக அந்தப் பக்கம் போகவில்லை, தலை காடு மாதிரி இருக்கிறது.

மாலையில் நான் பூட்ஸைக் கழற்றும்போதே பட்டியல் வாசிக்கிறான். டோரியன் இதைக் கொட்டினான், டேவியா அதை உடைத்தாள், மெஷினில் தண்ணீர் நிற்கவில்லை. பகல் முழுக்க உட்கார நேரமில்லையாம்.

அவனுடைய அந்தப் பழைய கேள்வி என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். என் பெரிய மனசுக்காக அல்ல. கேட்டால் ஒரு நாளில் தீர்ந்துவிடும். கேட்காமல் வைத்திருந்தால் அவனே தினமும் கேட்டுக்கொள்வான்.

2008 நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் பண்டிகைச் சாப்பாடு எங்கள் வீட்டில். வான்கோழி லாவெல் செய்தான். படகை விற்ற காசில் வாங்கியது. உள்ளே வேகவில்லை. மிஸ் எர்லீன் ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, அடுப்படியில் மகனைப் பார்க்க வேண்டியதாகிவிட்டதே என்று கண்ணைத் துடைத்தாள். நான் இரண்டு துண்டு தின்றேன். வேண்டுமென்றே.

2009 பிப்ரவரி 2, திங்கள்

வரிக்கடை. ராண்டிக்கு இப்போது தொப்பை. லாவெல் போன ஜூன் வரை சம்பாதித்தது, நான் ஜூலையிலிருந்து சம்பாதித்தது. இரண்டும் அரைகுறை என்பதால் தொகை நன்றாகவே வந்தது. அரைகுறையாக இருந்தால்தான் இவர்களுக்கு நம்மைப் பிடிக்கும். பாதியை என் பெயரில் புதுக் கணக்கில் போடச் சொன்னேன். ராண்டி லாவெலைப் பார்த்தான். "அவகிட்டதான் கேக்கணும்" என்றான் லாவெல்.

பிறகு ராண்டி வழக்கம் போல் புத்தி சொன்னான். "இந்த வருஷமும் இதே மாதிரி வேணும்னா ஒரு வழிதான். மிஸ் ஒனீடா வேலையில இருக்காங்க. அதனால நீங்க வேலை தேடாம வீட்டுலயே இருந்துருங்க சார். நீங்களும் போனா, கழிச்சுப் பாத்தா, சும்மா வேலை பாக்கற மாதிரிதான்."

நான் லாவெலைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தேன்.

காரில் பாதி தூரம் வந்தபின், "அவன் என்னை வீட்டுல உக்காருங்கறான்" என்றான்.

"ஆமா."

"சிரிச்சுக்கிட்டே சொல்றான்."

"எனக்குச் சொன்னப்பவும் சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னான். நீயும்தான் சிரிச்ச."

பருத்திக் காடு முடிகிற இடத்தில், "சிரிச்சேன்" என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

2009 மார்ச் 1, ஞாயிறு

மீன் பண்ணையில் தீவன லாரி ஓட்ட லாவெலைக் கூப்பிடுகிறார்கள். மாலை ஷிஃப்ட். பழைய சம்பளத்துக்குப் பக்கம்கூட வராது. இருவர் சம்பளமும் சேர்ந்தால் அந்தப் பிப்ரவரித் தொகை போய்விடும்.

மிஸ் எர்லீனிடம் சொன்னோம். ராண்டி சொன்ன கணக்கையும் சொன்னேன், ஒரு எழுத்து விடாமல். "ஆம்பளைக்கு என்ன கணக்கு? வேலைன்னா போக வேண்டியதுதானே" என்றாள். பிறகு சர்வசாதாரணமாக, "அவன் போறான்ல, நீ இனிமே நின்னுக்கலாம்" என்றாள்.

லாவெல் பதில் சொல்கிறானா பார்ப்போம் என்று ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அவன் தட்டைக் குனிந்து பார்த்தான்.

அவ்வளவுதானா?

2009 மார்ச் 2, திங்கள்

நான் எழுவதற்குள் என் மதியச் சாப்பாடு கட்டி மேசையில் இருந்தது. லாவெல் அடுப்படியில் நின்றுகொண்டு, முதுகைக் காட்டியே பேசினான். "அம்மா சொன்னதை விடு. நான் சாயங்காலம் போறேன், நீ காலையில போ. நடுவுல யாராவது ஒருத்தர் வீட்டுல இருப்போம். மிஸ் ஃபே வேண்டாம்."

"வரிப்பணம் போயிடும்" என்றேன், சும்மா சீண்டிப் பார்க்க.

"போகட்டும். அதுக்காக யாராவது ஒருத்தர் வீட்டுல உக்காரணுமா?"

அம்மா எதிரில் இதைச் சொல்ல வாய் வரவில்லை. வீரம் எல்லாம் அடுப்படியோடு சரி. இருந்தாலும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். உப்பு கூடுதல்.

2010 பிப்ரவரி 8, திங்கள்

வரிக்கடையில் சீக்கிரம் முடிந்துவிட்டது. வரிப்பணமாகத் திரும்பி வருவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. ராண்டி துக்க வீட்டுக்கு வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். "நாங்க ரெண்டு பேரும் உயிரோடதான் இருக்கோம்" என்றேன். லாவெல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான். டோரியனுக்குக் காய்ச்சல், பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். நான் அரை நாள்தான் விடுப்புச் சொல்லியிருந்தேன்.

"நீ ஆலைக்குக் கிளம்பு. பையனை நான் கூட்டிட்டு வரேன். பண்ணைக்குப் போன் பண்ணி இன்னைக்கு லேட்டாகும்னு சொல்லிடறேன்" என்றான்.

கிளம்பினேன்.